முதல் பரிசும் கோடிச் சேலையும்

என் அம்மாவுக்கு இரண்டு தடவை ஒப்பாரி வைத்தார்கள். முதல் தடவை வைத்தபோது, அழுதுகொண்டு வந்தவர்களுக்கு அம்மாவே எழுந்து போய்க் கூழ் கரைத்துக் கொடுத்தாள். எல்லாம் அப்பா எழுதிய ஒரு கதையால் வந்த வினை.

அது யுத்த காலம். தீர்த்தமலைக்குப் போகிற வழியில் ஓர் ஊரில் அப்பா வாத்தியாராக இருந்தார். ஒற்றை அறைப் பள்ளிக்கூடம். பெரிய வாத்தியாரும் அவர்தான், சின்ன வாத்தியாரும் அவர்தான். நானும் அவரிடமே படித்தேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அவள் பிறந்த ஊரான காரிமங்கலத்தில் பெண்பிள்ளைகளைச் சந்தைக்கு அனுப்புவார்கள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டார்கள்.

அந்த வருஷம் அம்மாவுக்கு இருமல் பிடித்தது. அப்பா தர்மபுரிக்கு அழைத்துப்போய்க் காட்டினார். டாக்டர் அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு அப்பாவிடம் மட்டும் பேசினார். க்ஷயரோகம், இதற்கு மருந்து கிடையாது, நோயாளிக்குத் தெரிந்தால் மனசு விட்டுப்போய் இருக்கிற நாளும் குறையும், ஆகையால் சொல்லவேண்டாம் என்றார். அப்பா வெளியே வந்து, "சளிதான், மார்ல கட்டியிருக்குதாம்" என்று சொன்னார். அந்தப் பொய்யைக் கடைசிவரைக்கும் காப்பாற்றிவிட வேண்டும் என்பதுதான் அதற்குப் பிறகு அவருடைய ஒரே வேலை. இதெல்லாம் நான் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டது. அப்போது நான் கண்டது, அம்மாவுக்குத் தனியாக ஒரு டம்ளர் வந்ததை மட்டும்தான். அதில் வேறு யாராவது குடித்தால் மருந்தின் சூடு முறிந்துவிடும் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

சொன்னால் கேட்கிற ஆளா நான்? அந்தப் பித்தளை டம்ளர்மேல் எனக்குக் கொள்ளை ஆசை. அம்மாவும் அப்பா அந்தப் பக்கம் போனதும் தான் குடித்து மிச்சம் வைத்த மோரை என்னிடம் நீட்டிவிடுவாள். "ஒரு வாய் குடிச்சா மருந்து ஒண்ணும் ஓடிப்போயிராது, குடி கண்ணு" என்பாள்.

அப்பாவுக்குக் கதை எழுதும் பித்து உண்டு. மெட்ராஸ் பத்திரிகைகளுக்கு அனுப்புவார். போன கதை போன வழியே திரும்பி வரும். தபால்காரர் தெருமுனையில் தலை காட்டும்போதே அம்மா, "உங்க புள்ள வூட்டுக்கு வந்துருச்சுங்க, போய்க் கூட்டிட்டு வாங்க" என்று கேலி செய்வாள். அப்படி இருக்கையில் ஒரு பத்திரிகை கதைப் போட்டி அறிவித்தது. அதுவரை ஒரு கதையும் அச்சில் வராதவர்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்று விதி. அப்பா தயங்கினார். விடாப்பிடியாக எழுதவைத்தது அம்மாதான். "உங்களுக்குன்னே வெச்சாப்பல இருக்குது, எழுதுங்க" என்று சொல்லிச் சொல்லி உட்காரவைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் புளியமரத்தடிக்கு விரட்டிவிட்டு வீட்டைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டாள். இருமல் வந்தால் அவளும் வெளியே போய் இருமிவிட்டு வருவாள்.

என்ன கதை என்று கேட்டதற்கு அப்பா, "ஒரு மாட்டுக் கதை" என்றார்.

கதையோடு பத்திரிகையில் வந்த கூப்பனை வெட்டி ஒட்டி அனுப்பவேண்டும். 'இக்கதை முழுக்க முழுக்க என் சொந்தக் கற்பனையே' என்று அதில் அச்சடித்திருந்தது. அப்பா அதன் கீழே கையெழுத்துப் போட்டார். அம்மா ஒரு சோற்றுப் பருக்கையை நசுக்கி, கூப்பனைக் கதையின் முதல் பக்கத்தில் ஒட்டி, மூலைகளை விரலால் அழுத்தி நீவிக் கொடுத்தாள்.

முதல் பரிசு என்று கடுதாசி வந்தது. நான் தெருத் தெருவாக ஓடிச் சொன்னேன். அம்மா கேழ்வரகு மாவில் வெல்லம் போட்டு உருண்டை பிடித்தாள். அப்பா முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. ஜெயிப்போம் என்று அந்த மனுஷர் கனவிலும் நினைத்திருக்கவில்லை. யாரிடமும் சொல்ல முடியாததை எழுதி மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டால் அது அங்கேயே குப்பையில் போய்விடும் என்று நம்பியிருந்தார். கதை வெளியான இதழ் தபாலில் வந்ததும் பள்ளிக்கூடத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். காரிமங்கலத்திலும் பத்திரிகை விற்கிறார்கள் என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை.

அங்கே சந்தை நாளில் ஒரு வெற்றிலைக் கடைக்காரர் அந்தக் கதையைச் சத்தமாகப் படித்திருக்கிறார். ஒரு வாத்தியார், தன் மனைவி இருமி இருமிச் செத்ததைத் தானே சொல்லுகிற கதை. கடைசியில் அப்பாவின் பெயர், அதன் கீழே எங்கள் ஊர். அச்சில் வந்திருந்தால் அது நடந்ததாகத்தான் இருக்கவேண்டும். இல்லாததை யாராவது மெனக்கெட்டு அச்சடிப்பார்களா? செய்தி அம்மாவின் பிறந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள், பெட்ரோல் பஞ்சத்தில் கரி போட்டு ஓட்டிய பஸ்ஸில் அரூர் வந்து, அங்கிருந்து மாட்டுவண்டி பிடித்து, பெரியம்மாவும் மாமாவும் உறவுக்காரப் பெண்களும் வந்து இறங்கினார்கள். தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி. பெரியம்மா கையில் கோடிச் சேலை. ஒரு பெண் இறந்தால் அவள்மேல் போர்த்தப் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவரவேண்டிய புதுச் சேலை அது. நல்ல அரக்கு நிறம். மாமா கையில் அந்தப் பத்திரிகை. அவர் சண்டைக்கே தயாராக வந்திருந்தார்.

"எங்க பொண்ணு செத்துப்போனதுக்கு எழவு சொல்லி உட ஒரு ஆளு கெடைக்கலயா? பத்திரிகையிலயா போடறது?" என்று தெருவே அதிரக் கத்தினார்.

அப்பா பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரைப் பார்க்க அரூர் போயிருந்தார். அம்மா வாசலில் உட்கார்ந்து முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு நிமிர்ந்தாள்.

"யாரு போயிட்டாங்கக்கா?" என்றாள்.

பெரியம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து வந்து அம்மாவின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். "அடிப் பாவி, இருக்கியாடி!" என்று திரும்பவும் அழுதாள். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து, அது இருமலாகி, கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் கூழ் கரைத்தாள். கோடியைத் திரும்ப எடுத்துப் போகக்கூடாது, வீட்டிலும் வைக்கக்கூடாது என்று பெண்கள் குழம்பினார்கள். "போற வழியில ஆத்துல உட்டுட்டுப் போங்கக்கா" என்று அம்மாவே வழி சொன்னாள்.

வந்தவர்கள் அலுத்துப் படுத்ததும் அம்மா மாமாவின் பத்திரிகையை எடுத்துக்கொண்டு என்னை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போனாள். "உங்கப்பன் மாட்டுக் கதைன்னு சொல்லிட்டு என்னையில்ல கொன்னுருக்காரு. படி, எப்படித்தான் சாகறேன்னு கேப்போம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நான் படித்தேன். பெரிய வார்த்தைகளில் தட்டித் தடுமாறினேன். டாக்டர் மனைவியை வெளியே உட்காரவைத்த இடம் வந்தபோது அம்மா சிரிப்பதை நிறுத்தினாள். 'மருந்தின் சூடு முறிந்துவிடும் என்று சொல்லி அவள் டம்ளரைத் தனியே வைத்தேன். குழந்தைக்கு இந்நோய் தொற்றிவிடக் கூடாதென்பதை அவளிடம் எப்படிச் சொல்வேன்?' என்று படித்ததும் அம்மா என் கையைப் பிடித்தாள்.

"அந்த எடத்த இன்னொருக்கா படி."

படித்தேன். மறுபடியும் அதே வார்த்தைகளில் தடுமாறினேன். அம்மா என் கையை விட்டுவிட்டு எழுந்து தள்ளிப் போய் நின்றாள். "நீ எனக்குப் படிச்சுக் காட்டினேன்னு அப்பாகிட்ட மூச்சு விடக்கூடாது" என்றாள். நான் தலையாட்டினேன். உள்ளே போனோம். பெரியம்மா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அம்மா கோடிச் சேலையை அதிலிருந்து எடுத்துத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்தாள்.

"நல்ல சேலைக்கா. ஆத்துக்கு எதுக்கு? இருக்கட்டும்."

பெரியம்மா வாயில் அடித்துக்கொண்டாள். அம்மா கேட்கவில்லை.

சாயங்காலம் அப்பா வந்தார். மாமா பேசிய பேச்சையெல்லாம் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். பிறகு அம்மாவிடம், கதையை யாராவது படித்துச் சொன்னார்களா என்று கேட்டார். "எனக்கு யாருங்க படிச்சுச் சொல்றது? மாட்டுக் கதைன்னுதான சொன்னீங்க" என்றாள் அம்மா. அப்பா அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

நான் வழக்கம்போல அம்மாவின் டம்ளரில் இருந்த மோருக்குக் கை நீட்டினேன். அம்மா பளாரென்று கையில் அடித்தாள். மோர் கொட்டியது. அம்மா என்னை அடித்தது அதுதான் முதல் தடவை. படுக்கையிலும் என்னைப் பெரியம்மா பக்கம் தள்ளினாள். விடிந்ததும், "இவளக் கூட்டிட்டுப் போய் உன் வூட்லயே வெச்சுக்கக்கா" என்று சொல்லிவிட்டாள். என் துணிமூட்டைக்குள் பத்திரிகையையும் செருகினாள். வண்டி கிளம்பும்போது கிட்டேகூட வரவில்லை. வாசற்படியிலேயே முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

எனக்குக் காரணம் தெரிந்துபோயிற்று. வாத்தியார் மகளாக இருந்துகொண்டு அப்பாவின் கதையைத் தப்பும் தவறுமாகப் படித்துவிட்டேன். அந்தக் கோபம்தான். சரியாகப் படித்தால் கூப்பிட்டுக்கொள்வாள்.

காரிமங்கலத்தில் தினமும் அந்தக் கதையைச் சத்தம் போட்டுப் படித்தேன். "அந்த எழவுக் கதைய எடுக்காதடி" என்று பெரியம்மா திட்டினால் கொல்லையில் போய்ப் படித்தேன். தடுக்கும் வார்த்தைகளெல்லாம் ஒவ்வொன்றாக வசப்பட்டன. அம்மா கேட்ட அந்த டம்ளர் இடம் எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

பிறகு ஒரு நாள் மாமா வந்து, கிளம்பு, உன் ஊருக்குப் போகவேண்டும் என்றார். பத்திரிகையை மறக்காமல் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் பெரியம்மா அழுதுகொண்டே வந்தாள். இந்தத் தடவை அவள் கையில் சேலை இல்லை.

வாசலில் அம்மா அந்த அரக்குச் சேலைக்குள் படுத்திருந்தாள். பெண்கள் அழுதார்கள். முன்பு அழுதபோது அம்மா எழுந்து வந்து சிரித்தாளே என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா சுவரோரமாக நின்றார். அவர் அழவில்லை. தெரியாமலே போயிட்டா, அந்த மட்டும் நிம்மதி என்று வந்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அவரிடம் போய்ப் பத்திரிகையைக் காட்டினேன்.

"அப்பா, அன்னிக்கு அம்மாவுக்குப் படிச்சுக் காட்டறப்பதான் தப்புத் தப்பாப் படிச்சேன். இப்ப ஒரு எடத்துலகூட நிக்காமப் படிப்பேன்."

அப்பா என்னைப் பார்த்தார். "என்னிக்கு?" என்றார்.

"மாமாவெல்லாம் அழுதுகிட்டு வந்தாங்களே, அன்னிக்கு. டம்ளர் வர எடத்த அம்மா இன்னொருக்கா படிக்கச் சொல்லிச்சு."

அதுவரை நின்றிருந்த அப்பா சுவரோடு சரிந்து விழுந்து, ஊரே திரும்பிப் பார்க்கும்படி கதறினார். நான் நன்றாகப் படிப்பேன் என்பதை அவர் நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதனால் பத்திரிகையைப் பிரித்து, முதல் வரியிலிருந்து அவருக்குப் படித்துக் காட்ட ஆரம்பித்தேன்.