திரைக்கு வெளியே ஒரு மேஜை

அந்தத் திரைச்சீலையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பச்சை நிறம், ஓரமெல்லாம் எண்ணெய்க் கை துடைத்த கறை, பித்தளை வளையங்களில் தொங்கும். வட கல்கத்தாவின் பழைய சாப்பாட்டுக் கடைகள் பலவற்றில் அப்போது அது இருந்தது. ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்து, மேஜையைத் தட்டி அரசியல் பேசிக்கொண்டே கட்லெட் தின்பார்கள். பெண்கள் நுழைந்தால் போதும், சர்வர் ஓடி வந்து “தீதி, கேபின்” என்று அக்கா முறை சொல்லி, பலகை அடித்த கூண்டு ஒன்றுக்குள் அனுப்பித் திரையை இழுத்துவிடுவார். மரியாதையாம்! தொண்ணூறுகளின் நடுவில் ஒரு டிசம்பர் மத்தியானம், அந்த மரியாதையை என் நாத்தனார் ஒரே இழுப்பில் விலக்கினாள். வளையங்கள் கலகலவென்று ஒரு பக்கமாக ஓடின. “நான் என்ன திருடித் திங்கவா வந்தேன்?” என்று தமிழிலேயே கேட்டாள். சர்வருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவருக்கு நன்றாகவே புரிந்தது.

நாத்தனார் என்றால் என் கணவரின் தங்கை. திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள், கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதாலேயே குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் இன்னும் ‘பாப்பா’. காதோரம் நரைத்த பிறகும் பாப்பா. அந்த வருடம், அரசாங்கச் செலவில் ஊர் சுற்றிவரும் எல்.டி.சி. லீவு எடுத்துக்கொண்டு எங்களைப் பார்க்கக் கல்கத்தா வந்தாள். நாங்கள் சால்ட் லேக்கில் மத்திய அரசுக் குடியிருப்பில் இருந்தோம். எல்.டி.சி.யில் வரும் சொந்தக்காரர்களை எனக்கு நன்றாகத் தெரியும். அரிசி மூட்டை, மோர் மிளகாய், ஊறுகாய் பாட்டில், பருப்புப் பொடி, சிலர் கரண்ட் அடுப்பும் தூக்கிக்கொண்டு வருவார்கள். அரசாங்கம் காசு கொடுத்து ஊர் சுற்ற அனுப்பினால், இவர்கள் தங்கள் சமையலறையையே சுற்றிக்காட்டக் கூட்டி வருவார்கள். தட்சிணேஸ்வரம், காளிகாட், விக்டோரியா மண்டபம் எல்லாம் பார்த்துவிட்டு, சாயங்காலம் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ் மெஸ்ஸில் இட்லி தின்றுவிட்டு, “நம்ம ஊர் மாதிரி வராது” என்று சொல்லி ரயில் ஏறுவார்கள். அதுதான் கல்கத்தா. என் கணவர் எல்லோரையும் இந்த வழியிலேயே ஓட்டிப் பழகியவர்.

பாப்பா ஒரு தோள்பையும் ஒரு சூட்கேஸும் மட்டும் கொண்டு வந்தாள். முதல் நாளே லேக் மார்க்கெட் பேச்சு எடுத்த அண்ணனிடம், “இட்லி திங்கறதுக்கு எதுக்குண்ணே ரெண்டு ராத்திரி ரயில்ல வரணும்? அதை மாமியார் வீடு இல்லாமலேயே நான் தினமும் அவிச்சுத் தின்னுட்டுதானே இருக்கேன்” என்றாள். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “எத்தனை பேர் வந்துட்டுப் போயிருக்காங்க, ஒருத்தராவது இப்படி ஹோட்டல் ஹோட்டலா அலைஞ்சாங்களா?” என்று என்னிடம் முணுமுணுத்தார். அலையட்டுமே, உங்களுக்கென்ன என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொள்ளவில்லை. வாய்விட்டே சொன்னேன்.

அவர் ஆபீஸ் கிளம்பியதும் நாங்கள் இருவரும் பஸ் ஏறிவிடுவோம். ஹோட்டல் தேர்ந்தெடுக்க அவளுக்கு ஒரு முறை இருந்தது. பெயர், புகழ், சுத்தம், ருசி எதுவும் அவளுக்கு முதலில் வராது. வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பாள். கூடத்தில் உட்கார விடுவார்களா, மெனு கார்டைத் தன் கையில் கொடுப்பார்களா, இந்த இரண்டும்தான். இல்லையென்றால் அடுத்த கடை. பசியில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். “ஏய், உள்ள போய் உக்காந்து தொலைக்கலாம்டி” என்பேன். “வாங்க அண்ணி, இன்னொரு தெரு பார்ப்போம்” என்று கையைப் பிடித்து இழுப்பாள். திரையை விலக்கிய அந்தக் கடையில்கூட, கடை முதலாளி எழுந்து வந்து எங்களையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைசியில் கூடத்தில் ஜன்னலோர மேஜையைத் தானே துடைத்துக் கொடுத்தார். முட்டையை வலை வலையாகப் பொரித்துப் போர்த்திய கவிராஜி கட்லெட்டை அங்கேதான் முதன்முதலாகச் சாப்பிட்டேன். கல்கத்தாவில் அத்தனை வருடம் குடியிருந்தும், வெட்கக்கேடு, அதற்கு முன்பு எனக்கு அந்தக் கட்லெட்டின் பெயர்கூடத் தெரியாது. வாழையிலையில் சோறு போட்டு, கடுகு அரைத்த இலிஷ் மீனைக் கிண்ணத்தில் வைத்துக் கொடுக்கும் நெரிசலான கடை ஒன்றுக்குப் போனோம். டாங்ராவில் தோல் பதனிடும் வாடைக்கு நடுவே இருந்த சீனக் கடைக்குப் போனோம். இலிஷ் மீனின் முள்ளை எடுப்பது ஒரு பெரிய வேலை. பாப்பா அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாக எடுத்து இலை ஓரத்தில் அடுக்கிக்கொண்டே டிரங்க் கால் கதைகளைச் சொல்வாள். அவள் அப்படிச் சிரித்துப் பேசி நான் திருச்சியில் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை காலையில்தான் என் கணவர் விஷயத்தைச் சொன்னார். மனைவியை இழந்த ஒரு தமிழர், வங்கி அதிகாரி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். நாளைக்கு லேக் மார்க்கெட் மெஸ்ஸில் ‘தற்செயலாக’ வந்து பாப்பாவைப் பார்த்துவிட்டுப் போவாராம். அவளிடம் மூச்சு விடக் கூடாது என்றார். நான் நேரே மொட்டை மாடிக்குப் போய், துணி உலர்த்திக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளைப் பார்க்க வருகிறார்கள், அவளுக்கே தெரியக் கூடாது என்றால் அது என்ன நியாயம்?

அவள் கோபப்படவில்லை. ஈரப் புடவையைக் கொடியில் போட்டு இழுத்துவிட்டபடியே நின்றாள். “எத்தனையோ பேர் வந்து பார்த்துட்டுப் போயிட்டாங்க அண்ணி. ஒவ்வொரு தடவையும் பஜ்ஜி, சொஜ்ஜி தட்டை நீட்டினேன். எல்லாரும் தின்னாங்க. நான் ஒரு தடவைகூட அவங்களோட உக்காந்து ஒரு வாய் தின்னதில்ல. பொண்ணு திங்கக் கூடாதுல்ல? சரி, இவரையும் பார்க்கிறேன். நல்ல மனுஷனா இருந்தா கட்டிக்கவும் செய்யறேன், எனக்கு மட்டும் ஆசை இல்லையா என்ன? ஆனா ஹோட்டல் நான் சொல்றதுதான். நானும் உக்காந்து சாப்பிடுவேன்” என்றாள். அவளுக்கு ஆசை இருந்தது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பின்னாளில் அவளைப் பற்றி, கல்யாணமே வேண்டாமென்று திமிர் பிடித்து அலைந்தவள் என்று பேசியவர்கள் யாரும் அன்று அந்த மாடியில் இல்லை.

பார்க் ஸ்ட்ரீட்டில் வெள்ளைத் துணி விரித்த ஒரு சீன ஹோட்டலை அவள் சொன்னாள். என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த மனிதர் தன் அக்காவோடு வந்தார். முழுக்கைச் சட்டை, படிய வாரிய தலை, பேச்சு மென்மையாகத்தான் இருந்தது. பாப்பா மாம்பழ நிறப் புடவை கட்டியிருந்தாள். சர்வர் ஆளுக்கொரு மெனு கார்டு கொடுத்தார். பாப்பா தன் கார்டைப் பிரித்து முதல் பக்கத்தில் இருக்கும்போதே, அந்த மனிதர் கை நீட்டி அதை வாங்கி, மூடி, தன்னுடையதோடு சேர்த்துச் சர்வரிடம் கொடுத்துவிட்டார். “எல்லாருக்கும் வெஜிடபிள் ஃப்ரைட் ரைஸ். லேடீஸுக்குக் காரம் வேண்டாம்.” கெட்ட எண்ணமே இல்லை. காலமெல்லாம் அப்படித்தான் செய்து வந்திருப்பார். செத்துப்போன அந்த அம்மாள் என்ன சாப்பிட ஆசைப்பட்டாள் என்று அவருக்குத் தெரியுமா என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பாப்பா சர்வரைக் கூப்பிட்டாள். கார்டைத் திரும்ப வாங்கினாள். கடைசி வரை நிதானமாகப் படித்தாள். “எனக்கு மட்டும் நண்டு. காரம் நல்லா இருக்கட்டும்” என்று இங்கிலீஷில் சொன்னாள், டிரங்க் கால் இணைக்கும் அதே தெளிவான குரலில். அக்காக்காரி, “எங்க வீட்ல நண்டெல்லாம் புழங்கறதில்லம்மா” என்றாள். பிறகு, வேலையை எப்போது விடுவாய் என்று கேட்டாள். கல்கத்தாவுக்கு மாற்றல் கேட்டுப் பார்க்கலாமே என்றாள் பாப்பா. “அதெல்லாம் எதுக்கு? பசங்களுக்கு வீட்ல ஒரு ஆள் வேணும். அதுக்குத்தானே இத்தனை ஏற்பாடும்” என்றார் அந்த மனிதர்.

“ஆள் வேணும்னா சம்பளத்துக்கு ஆள் வச்சுக்கலாமே சார்” என்றாள் பாப்பா. நக்கலாகச் சொல்லவில்லை. யோசனை சொல்வதுபோலத்தான் சொன்னாள். எழுந்தாள். ஜன்னலோரம் காலியாக இருந்த மேஜையைக் காட்டி, தன் நண்டை அங்கே கொண்டுவரச் சொன்னாள். “அண்ணே, நீங்க பேசி முடிச்சுட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அக்காக்காரி கூடமே திரும்பிப் பார்க்கும்படி, “இந்த வயசுல இவ்வளவு திமிரா?” என்றாள். பாப்பா அங்கிருந்தே பதில் சொன்னாள்: “திமிர் இல்லீங்க. பசி.”

நான் என் கைப்பையை எடுத்துக்கொண்டு அவள் மேஜைக்குப் போனேன். என் கணவர் என் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை. போகட்டும் என்று போனேன். நண்டு வந்தது. முள்கரண்டியை ஓரம் கட்டிவிட்டு, பார்க் ஸ்ட்ரீட்டில், அந்த வெள்ளைத் துணியின் மேல், இரண்டு கையாலும் ஓட்டை உடைத்துத் தின்றோம். அவள் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. காரம் என்றாள். நானும் காரம்தான் என்றேன்.

டாக்ஸியில் என் கணவர் கத்தினார். “கடைசிக் காலத்துல உனக்கு யாருடி இருக்கா? நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்ட. இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காத!” டிரைவர் பயந்துபோய்க் கண்ணாடியில் பார்த்தார். பாப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான்தான் வாயைத் திறந்தேன். “அந்த வாசப்படி எனக்கும் வாசப்படிதான். அவ வருவா. வந்தா உக்கார வச்சு நான் சோறு போடுவேன். உங்களுக்குப் பிடிக்கலேன்னா நீங்க வேணும்னா அன்னிக்கு லேக் மார்க்கெட்ல போய் இட்லி தின்னுக்குங்க.” கல்யாணமான நாள் முதல் அவரை எதிர்த்து அவ்வளவு காட்டமாக ஒரு வார்த்தை நான் பேசியதில்லை. பேசிய பிறகு வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

அவளை வழியனுப்ப அவர் ஹவுரா ஸ்டேஷனுக்கு வரவில்லை. நானும் அவளும்தான் போனோம். பெட்டியை மேலே வைத்துவிட்டு ஜன்னலருகே உட்கார்ந்தவள், திடீரென்று என் விரல்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். “எனக்குப் பயமா இருக்கு அண்ணி. அண்ணன் கேட்டதும் நியாயம்தானே? நான் தப்புப் பண்ணிட்டேனா?” எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஒரு வேளைச் சோற்றைத் தனக்குப் பிடித்தபடி சாப்பிட்டதற்கு ஒரு மனுஷி இப்படி நடுங்க வேண்டுமா? “ஒரு தப்பும் இல்ல. அடுத்த லீவுக்கு எப்ப வர்றேன்னு மட்டும் சொல்லு” என்றேன். ரயில் நகரும் வரை அவள் கையை நான் விடவில்லை.

அடுத்த லீவுக்கு வந்தாள். அதற்கடுத்த லீவுக்கும் வந்தாள். யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு வரவில்லை. காலிங் பெல் அடித்ததும் என் கணவர்தான் எழுந்து போய்க் கதவைத் திறப்பார். திறக்காமல் வேறென்ன செய்வார்? முதல் வருடம் பேசவில்லை, பிறகு பேசினார். கல்கத்தா கொல்கத்தா ஆனது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் கேட்க ஆளில்லாமல் போய், பாப்பாவை வேறு மேஜைக்கு மாற்றினார்கள். எங்கள் சால்ட் லேக்கின் செக்டார் ஃபைவில் கம்ப்யூட்டர் ஆபீஸ்கள் முளைத்தன. அங்கே வேலை செய்யும் பெண்கள் ஹோட்டல்களுக்குத் தனியாக வந்து உட்கார்ந்து, கார்டைப் பார்த்து, ஆர்டர் கொடுத்து, சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு நிறைகிறது.

போன மாதம் திருச்சியில் பாப்பாவுக்கு இடுப்பில் ஆபரேஷன். செய்தி கேட்டதும் ரயில் ஏறிவிட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்கள் ஆப்பிள் பையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் கணவரின் பெரியம்மா மகள் பெருமூச்சு விட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: “அன்னிக்கே அந்த பேங்க்காரரைக் கட்டியிருந்தா, இன்னிக்குப் பக்கத்துல இருந்து பாத்துக்க ஒரு ஆள் இருந்திருக்கும். இப்ப யாரு இருக்கா?”

பாப்பாவுக்கு ஊட்ட என் கையில் வைத்திருந்த கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பெரியம்மா மகள் எதிரில் போய் நின்றேன்.

“அப்ப இங்க நிக்கிற நான் யாரு?” என்றேன்.