பாப்பாவின் சீட்டைக் கழுவிய வாரம்

சோளிங்கரில் பாப்பாவுக்கு மொட்டை போட்டுவிட்டு ஆம்பூர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, பாதி வழியிலேயே அவள் வாந்தி எடுத்துவிட்டாள். தயிர் சாதம், மாம்பழ ஜூஸ், கோயில் கல்கண்டு எல்லாம் அவள் சீட்டின் மேல். காரோடு வந்த சீட் இல்லை; குழந்தைக்கென்று பின்னால் தனியாக மாட்டுகிற சீட். தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு, கால் நடுவில் ஒன்று என்று அஞ்சு பெல்ட்டும் வயிற்றுக்கிட்ட ஒரே பூட்டில் வந்து சேரும். பெங்களூரில் இருக்கிற என் கொழுந்தனார் வாங்கித் தந்தது. எங்கள் தெருவில் வேறு யார் வீட்டிலும் இல்லை. பிள்ளைக்கு சிம்மாசனமா என்று கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து சோளிங்கர் நரசிம்மர் கொடுத்த பிள்ளை.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் சீட்டைக் கழற்றி வாசலில் வைத்தேன். உறையைக் கழற்றுகிறதுக்கு முன்னாடி, எந்த பெல்ட் எந்த ஓட்டையில் போகிறது என்று போனில் ஏழெட்டு போட்டோ எடுத்துக்கொண்டேன். திரும்பக் கோக்கும்போது ஒரு ஓட்டை மாறினாலும் தப்பாகிவிடும். உறை லேசான சோப்புத் தண்ணியில் கையால் கசக்கியதும் சுத்தமாகிவிட்டது. பூட்டுதான் மூடவில்லை. எப்போதும் டக்கென்று சத்தம் வரும். அன்றைக்கு பெல்ட் முனையில் இருக்கிற நாக்கு உள்ளே போய் அப்படியே வெளியே வந்தது.

வாந்தியால்தான் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தபோது சிவப்புப் பொத்தானின் ஓரமெல்லாம் காய்ந்த சந்தனம். அது என் கை வேலை. மலையடிவாரத்தில் காருக்குப் பூஜை போட்டபோது ஐயர் ஸ்டியரிங்கிலும் முன்பக்கத்திலும் பொட்டு வைத்தார். பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கிறது இந்தப் பூட்டுதானே, இதை விடலாமா என்று நானே சந்தனத்தை எடுத்து அழுத்தி வைத்தேன், மேலே குங்குமமும். தோள் பெல்ட்டுக்கும் ஆளுக்கொரு பொட்டு. மனசார வைத்ததுதான். அது குழைந்து உள்ளே இறங்கிவிட்டது.

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். சீட்டோடு வந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. படம் பார்த்து, புரியாத வார்த்தையைப் போனில் தட்டிப் பார்த்து, ஒரு மணி நேரம் படித்தேன். பெல்ட்டை ஊற வைக்கக் கூடாது, மெஷினில் போடக் கூடாது, பிளீச்சிங் கூடாது, இஸ்திரி கூடாது. ஈரத்துணியில் குழந்தை சோப்பைத் தொட்டுத் துடைத்து நிழலில் காய விட வேண்டும். பூட்டை மட்டும் வெதுவெதுப்பான தண்ணியில் அலசலாம். எண்ணெய் விடக் கூடாது.

சொம்பில் தண்ணி எடுத்து, பெல்ட் நனையாமல் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, பூட்டை மட்டும் முக்கிப் பொத்தானை அழுத்தி அழுத்தி விட்டேன். தண்ணி சிவப்பாகக் கலங்கியது. மாற்றினேன். திரும்பவும் கலங்கியது. அஞ்சாவது சொம்பில் கல்கண்டுத் துண்டு ஒன்று வெளியே வந்து விழுந்தது. எட்டாவதில்தான் தண்ணி தெளிந்தது. நன்றாக உதறி நிழலில் காய வைத்து, மத்தியானம் நாக்கைச் செருகினேன். டக். இருபது தரம் மாட்டிக் கழற்றிப் பார்த்தேன், இருபது தரமும் அந்தச் சத்தம் வந்தது. சாமி ரூமில் போய் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இனிமேல் பொட்டு உன் படத்துக்கு மட்டும்தான், கோவிச்சுக்காதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தோள் பெல்ட்டில் இருந்த குங்குமக் கறை மட்டும் போகவில்லை. துடைத்துத் துடைத்து லேசான ரோஸ் நிறத்தில் நின்றது. இருந்துவிட்டுப் போகட்டும், கறை பிள்ளையை ஒன்றும் பண்ணாது என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டுக்காரர் தோல் கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். எந்தக் கறை எதற்குப் போகும் என்பதில் அவரைக் கேட்காமல் அங்கே யாரும் துடைக்கத் துணியை எடுக்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் சின்ன பாட்டிலில், பெயிண்ட் கரைக்கிற தின்னர் கொஞ்சம் கொண்டு வந்தார். நான் மாடியில் துணி எடுக்கப் போயிருந்தேன். இறங்கி வரும்போதே மூக்கில் ஏறியது அந்த நெடி. இடது தோள் பெல்ட்டில் இருந்த கறையை அவர் சுத்தமாக எடுத்திருந்தார். புதுசு மாதிரி ஆய்டுச்சு பாரு என்று முகமெல்லாம் சிரிப்பு.

எனக்கு ஒரே கோபம். புத்தகத்தை எடுத்து, கெமிக்கல் கூடாது என்று படம் போட்டிருந்த பக்கத்தைக் காட்டினேன். அவர் பெல்ட்டை இரண்டு கையிலும் சுற்றி, காலை ஊன்றி, தம் கட்டி இழுத்தார். அறுந்துபோகவில்லை. யானையைக் கட்டலாம், நீ ஒரு பேஜார் என்றார். நான் தொட்டுப் பார்த்தேன். வலது பெல்ட் மெத்தென்று இருந்தது. இடதில் அவர் துடைத்த இடம், ஒரு சாண் நீளம், வெறைப்பாக இருந்தது.

வர்ற ஞாயிற்றுக்கிழமை நாட்றம்பள்ளியில் என் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு. ஹைவேயில்தான் போக வேண்டும். பெல்ட்டில் தின்னர் பட்டு நூல் வெந்திருந்து, லாரிக்குப் பின்னால் அவர் சடன் பிரேக் போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். அறுந்துவிடாது என்றும் எனக்குச் சொல்லத் தெரியாது, அறுந்துவிடும் என்றும் சொல்லத் தெரியாது. அந்தத் தெரியாததுதான் என்னைப் பிடித்து ஆட்டியது.

கத்தினால் ஆம்பிளை வீம்பு பிடிப்பார். டீ போட்டுக் கொடுத்து, அவர் குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு அந்த பெல்ட்டை அவர் மடியில் வைத்தேன்.

"ஏங்க, இதே மாதிரி ஒரு தோல் உங்க டேபிளுக்கு வருது. மேல பளபளன்னு இருக்கு. கெமிக்கல் ஜாஸ்தி பட்டு ஒரு சாண் வெறைச்சிருக்கு. பாஸ் பண்ணுவீங்களா?"

அவர் கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்தினார். மடித்துப் பார்த்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கம்பெனியில் அவர் தோலைப் பார்க்கிற பார்வை அது. வீட்டில் அதுவரைக்கும் நான் பார்த்ததில்லை. மேலே நன்றாக இருந்து, உள்ளே நார் வெந்துபோன தோல்தான் செருப்பான பிறகு கிழியும் என்று அவரே எத்தனை தரம் சொல்லியிருக்கிறார்.

"ரிஜெக்ட்தான்," என்றார். பெல்ட்டை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு, "நான் சுத்தம் பண்றதாத்தான் நெனைச்சேன்" என்றார்.

"சந்தனம் வெச்ச நானும் நல்லதுன்னுதான் நெனைச்சேன்" என்றேன்.

கொழுந்தனாருக்குப் போன் போட்டோம். பெல்ட் மட்டும் தனியாகக் கிடைக்கும், அதே கம்பெனி பெல்ட்டைத்தான் போட வேண்டும், வர பத்து நாள் ஆகும் என்று விசாரித்துச் சொன்னார். நம்ம ஊரில் தையல் போடுகிறவரிடம் கொடுத்துப் புது நாடா தைக்கலாமே என்று இவர் ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

காரில் வரவில்லை, பஸ்ஸில் வர்றோம் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி கூத்து இது? மடியில வெச்சிக்கினு வாயேன். நாமெல்லாம் பெல்ட்டு போட்டா வளர்ந்தோம்? பஸ்ல மட்டும் பாப்பாவுக்கு இன்னா பெல்ட்டு இருக்குது?"

"பஸ்ல இல்லன்னு தெரியும்க்கா, நான் கெட்டியா புடிச்சிப்பேன். கார்ல இருக்குன்னு நம்பி அவரும் வேகமாப் போவாரு, நானும் கையை எடுத்துடுவேன்."

உன் வாய்க்கு பூட்டு போட ஆள் இல்லை என்று போனை வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கூட்டம். பாப்பாவை மடியில் இறுக்கிப் பிடித்தபடியே போனேன். அவள் ஜன்னல் பக்கம் துள்ளிக்கொண்டே வந்தாள். மண்டபத்துக்கு லேட்டாகப் போய்ச் சேர்ந்தோம். கார் வைத்திருக்கிறவங்க பஸ்ஸில் வர்றாங்க என்று அக்கா வீட்டுக்காரர் பக்கத்துச் சொந்தக்கார அம்மா ஒருத்தர் சத்தமாகவே சொன்னார். எங்கள் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் பெல்ட் மேல் தின்னர் பட்டுடுச்சி, அது என் தப்பு என்று நாலு பேருக்கு முன்னாடி அவர் வாயாலேயே சொன்னார். எனக்கு அது போதும்.

புது பெல்ட் வந்த அன்றைக்கு அவர் பெர்மிஷன் போட்டுவிட்டு மத்தியானமே வந்தார். போட்டோவை ஒவ்வொன்றாக நான் காட்ட, அவர் ஓட்டை ஓட்டையாகக் கோத்தார். பெல்ட் எங்கேயும் முறுக்கிக்கொள்ளவில்லை என்று விரலை ஓட்டிப் பார்த்தார். பாப்பாவை உட்கார வைத்துப் பூட்டி, தோள்கிட்ட பெல்ட்டைக் கிள்ளிப் பாருங்க என்றேன். இறுக்கமாக இருந்தது, விரலுக்கு மடிப்பு எதுவும் சிக்கவில்லை. பாஸ் என்றார்.

பழைய பெல்ட்டைக் குப்பையில் போடப் போனேன். யாராவது எடுத்து அவங்க பிள்ளைக்கு மாட்டிட்டா என்று சொல்லி அவர் வாங்கி, தோல் வெட்டுகிற கத்தரியால் நாலு துண்டாக நறுக்கிவிட்டுத்தான் போடவிட்டார்.