ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கேஜ்டு

செல்போன் வசதியானவர்களின் சட்டைப் பையில் மட்டும் இருந்த காலம் அது. திருவள்ளூரில் காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டைத் தாண்டி, வயலுக்கு நடுவே இருக்கும் ஒரு சிற்றூரில் எங்கள் வீடு. கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு, வேலையும் கிடைக்காமல் கல்யாணமும் அமையாமல் வீட்டில் இருந்தேன். வருகிறவர் போகிறவரெல்லாம் அடுத்து என்ன என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்வதே எனக்கு ஒரு வேலையாக இருந்தது.

அந்த வருடம் எங்கள் வீட்டில் அண்ணன் பேச்சே எடுக்கக்கூடாது. எஸ்டேட்டில் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் சின்னக் கம்பெனியில் அவனுக்கு வேலை. அங்கேயே வேலை பார்த்த கும்மிடிப்பூண்டிப் பெண்ணை விரும்பினான். வேறு சாதி. நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. கூடத்தில் நின்று இருவரும் கத்திக்கொண்டதைத் தெருவே கேட்டது. இனி இந்த வீட்டுப் படி ஏறாதே என்று அப்பா சொல்லிவிட்டார். அண்ணனோ ரோஷக்காரன். பதிவுத் திருமணம் செய்துகொண்டு புனே பக்கம் போய்விட்டான் என்பதே அவன் நண்பர் ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். வீட்டு முகவரி அவரிடமும் இல்லை. ஒரு ஈமெயில் முகவரி மட்டும் வைத்திருந்தார். அதை எனக்குக் கொடுத்தார்.

சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அம்மா அழுவார். அப்பா காதில் விழாதவர் போல எழுந்து வயலுக்குப் போய்விடுவார். இந்த இரண்டையும் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துவிட்டது. எப்படியாவது அண்ணனுக்கு எழுதி அவனை ஒரு முறை வரவழைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

திருவள்ளூர் பஜாரில் பிரவுசிங் சென்டர் இருந்தது. ஆனால் திரை போட்ட அந்தத் தடுப்புக்குள் நான் தனியாக உட்கார்ந்துவிட்டு வந்தது ஊருக்குத் தெரிந்தால், என் கல்யாணப் பேச்சு அதோடு சரி. வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்தது. கம்பெனி ஆபீசில் கழித்துப் போட்டதை என் படிப்புக்காக அண்ணன்தான் கொண்டுவந்திருந்தான். அதில் ஒரு மோடம் கார்டைச் செருகினேன். கூடத்தில் இருந்த போனிலிருந்து வயர் இழுத்து, நெல் மூட்டை அடுக்கும் பின் அறைக்குக் கொண்டுபோனேன்.

இப்போது இருக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அப்போது இன்டர்நெட் போன் லைன் வழியாகத்தான் வரும். கம்ப்யூட்டரே நம்பரைச் சுழற்றும். கிர்ர், கீச் என்று அது போடும் கூச்சலில் எலிகூட ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை போன் கட்டணம் குறைவு என்பதால் அன்று சாயங்காலம்தான் உட்காருவேன். அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். வேலை தேடுகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

லைன் கிடைக்கும். மெயில் பக்கம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். நான் எழுதி முடிப்பதற்குள் கட் ஆகிவிடும். மறுபடி டயல். மறுபடி கட். வயரை மாற்றினேன். கார்டைக் கழற்றி அதன் பல்லை ரப்பரால் தேய்த்துச் செருகினேன். கார்டின் டிரைவர் சாப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். வேகத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். புகார் கொடுத்து லைன்மேனை வரவழைத்தேன். அவர் கம்பத்தில் ஏறி ஜாயின்ட்டைப் பிரித்துக் கட்டிவிட்டு, லைன் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்றுக்கும் மசியவில்லை. மாதக் கணக்கில் என் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின. படித்த படிப்பு இதற்குக்கூட உதவவில்லையே என்று அழுகையாக வரும்.

யாராவது கூடத்துப் போனை எடுக்கிறார்களோ என்று எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவுக்கு அந்த நேரத்தில் மாட்டுக் கொட்டகையில் வேலை. அப்பாவோ, அண்ணன் போனதிலிருந்து அந்தப் போனைத் தொட்டதே இல்லை. மணி அடித்தால் எங்களைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கட் ஆனது. எரிச்சலில் தண்ணீர் குடிக்கலாம் என்று கதவைத் திறந்தேன். கூடத்தில் அப்பா நின்றிருந்தார். ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு, போன் மேலிருக்கும் குமிழை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். லைன் செத்துப்போனால் எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் தட்டுவார்கள். சில சமயம் உயிர் வந்துவிடும். என்னைப் பார்த்ததும் திருட்டுத்தனம் செய்தவரைப் போல ரிசீவரை வைத்துவிட்டார்.

"இன்னா நைனா பண்ற?"

"லைன் கீதான்னு பாத்தேன். இன்னிக்கி காசு கம்மி இல்ல, அவன் அடிச்சாலும் அடிப்பான். எடுத்தா கொர்ருன்னு கத்துது. தட்டித் தட்டி சரி பண்ணினுகீறேன்."

அண்ணன் போன பிறகு அவனைப் பற்றி அப்பா பேசியது அதுதான் முதல் தடவை. அந்தச் சத்தம் லைன் கெட்டுப்போனதால் வருவதில்லை, கம்ப்யூட்டர் பேசுவது அது என்று விளக்கினேன். அவர் திரும்பிப் போனைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப அந்நேரத்துல அவன் அடிச்சா?"

எங்கேஜ்டு என்று வரும் என்றேன். அதைச் சொல்லும்போதே எனக்கும் புரிந்துவிட்டது. நான் டயல் செய்ய அவர் தட்ட, அவர் தட்ட நான் டயல் செய்ய, வாரத்தில் அண்ணன் கூப்பிடக்கூடிய அந்த ஒரு சாயங்காலத்தை இருவரும் சேர்ந்து அடைத்து வைத்திருந்தோம். அவனுக்குத்தான் எழுதப் பார்க்கிறேன் என்று சொன்னேன். அப்பா திட்டவில்லை. பின் அறைக்கு வந்து மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார். அன்று லைன் ஒரு முறைகூடக் கட் ஆகவில்லை. அம்மாவின் நிலையை எழுதினேன். நைனா உன் போனுக்காகக் காத்திருக்கிறார் என்று எழுதலாமா என்று கேட்டேன். அது மட்டும் வேண்டாம் என்றார். நானும் எழுதவில்லை.

அடுத்த வாரம் பதில் வந்திருந்தது. அண்ணன் எழுதியிருந்தது நான்கே வரி. நான்கைந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்தேன், எப்போதும் எங்கேஜ்டு. நான் கூப்பிடுவேன் என்று தெரிந்தே நைனா ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுகிறார் என்று புரிந்துகொண்டேன். நான் நன்றாக இருக்கிறேன். இனி தொந்தரவு செய்ய மாட்டேன்.

அப்பா அதை இரண்டாவது முறை படிக்கச் சொன்னார். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் எடுத்து வெக்கலன்னு எழுது பாப்பா. அவங்க ரெண்டு பேரையும் வரச் சொல்லு."

எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. திரும்பத் திரும்ப எழுதினேன். சில மாதம் கழித்து, அப்படி ஒரு முகவரியே இல்லை என்று மெயில் திரும்பி வந்தது. பல நாள் திறக்காத கணக்கை அந்தக் காலத்தில் மூடிவிடுவார்கள். அவன் கூப்பிடக்கூடும் என்று ஞாயிற்றுக்கிழமையில் மோடம் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மற்ற நாளில்தான் மெயில் பார்த்துவந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா போனுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு வெளிப்படையாகவே உட்கார்ந்தார். சொந்தக்காரர்கள் யாராவது கூப்பிட்டால் இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்ளச் சொல்வார். அப்படி உட்கார்ந்த மனிதரைப் பார்ப்பதற்கு, அவர் பழையபடி வீம்பாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றும். அடுத்த வருடம் அறுவடை முடிந்த சமயம் மார்வலி வந்து போய்விட்டார்.

அதற்கப்புறம் ஒரு வருடம் போல ஆகியிருக்கும். எந்தத் தகவலும் இல்லாமல் அண்ணன் வந்து நின்றான். கூடவே அண்ணி, அவர் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. குழந்தையைக் காட்டினால் நைனா மனசு மாறும் என்று நினைத்து வந்தானாம். வாசலில் நின்றபடியே கூடத்துச் சுவரில் இருந்த மாலை போட்ட படத்தைப் பார்த்தான். அம்மா ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு அலறினார். எனக்கு அழுகை வரவில்லை. அப்பா சொல்லச் சொன்னது ஒன்று என்னிடம் பாக்கி இருந்தது.

"நைனா ரிசீவர எடுத்து வெக்கல. நான்தான் கம்ப்யூட்டர போட்டு லைன புடிச்சினு இருந்தேன். உனுக்கு எழுதறதுக்குத்தான்."

"ஒரு வாட்டி கூடவா எடுத்து வெக்கல?" என்று கேட்டான்.

இல்லை என்று தலையாட்டினேன். அவன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். அண்ணி குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இன்றைக்கு எல்லார் கையிலும் போன் இருக்கிறது. யாருக்காவது கூப்பிட்டுக் கிடைக்காவிட்டால், நம்மேல் ஏதோ கோபம் போலிருக்கிறது, விட்டுவிடு என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். நான் விடுவதில்லை, மறுபடி கூப்பிடுவேன், அப்போதும் கிடைக்காவிட்டால் பஸ் ஏறி அவர்கள் வீட்டு வாசலிலேயே போய் நின்றுவிடுவேன்.