சிங்ஃபோர்ட் காட்டோரம், ஜிம்மி இழுத்த ஸ்கீ

எங்கள் நாய் ஜிம்மி, பனிவண்டி இழுக்கும் ஹஸ்கி இனக் கலப்பு. வீதியில் இறங்கினால் இழுக்கத் தொடங்குவான், வீடு திரும்பும் வரை விடமாட்டான். போன ஜனவரியில் மீன்கடை வாசலில் அம்மாவை விழுத்திவிட்டான். அம்மாவின் கைக்கட்டைப் பார்த்துவிட்டு அப்பா சொன்னார்: "அடுத்த மாச முடிவுக்குள்ள இவனை எடுத்த இடத்திலயே திருப்பிக் குடு."

இவனுடைய பலத்தை எங்கே செலவழிக்கலாம் என்று தேடியபோதுதான் நாய் இழுக்க, பனியில் சறுக்கும் ஸ்கீயில் போகும் விளையாட்டைக் கண்டேன். லண்டனில் பனிக்கு எங்கே போவது? காற்றடித்த சக்கரம் பூட்டிய ஸ்கீயில் பழக்குகிறார்கள். போனில் பேசக் கூச்சம் என்பதால் மெசேஜ் போட்டே பதிவு செய்தேன். ஒன்றரை மணித்தியாலம், ஸ்கீயும் பட்டியும் சேர்த்து நாற்பது பவுண்ஸ். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவின் கடையில் நிற்கிறேன், அந்தச் சம்பளத்தில்தான் கட்டினேன்.

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு, காலை எட்டே முக்காலுக்கு வால்தம்ஸ்டோ சென்ட்ரலில் ஓவர்கிரவுண்ட் ரயில் ஏறினோம். சிங்ஃபோர்டுக்குப் பத்து நிமிடம். எனக்குப் பதினெட்டு ஆகவில்லை, பெரியவர் ஒருவர் கூட வரவேண்டும் என்றதால் அப்பாவும் வந்தார். ஸ்டேஷனிலிருந்து காட்டோரத்துக்கு இருபது நிமிட நடை. ஜிம்மியோடு போனால் பன்னிரண்டு.

பழக்கியவர் ஹெலி என்ற பின்லாந்துக்காரி. முதல் அரை மணித்தியாலம் நாய் இல்லாமல் ஸ்கீ மட்டும். நான் விழுந்த விழுகையைச் சொல்லாமல் விடுகிறேன். பிறகு என் இடுப்பில் ஒரு பட்டி, ஜிம்மியின் உடம்பில் ஒரு பட்டி, நடுவே இழுபடும் கயிறு. எல்லாம் கட்டி முடிந்ததும் ஜிம்மி அப்படியே குந்திவிட்டான். திரும்பி என் முகத்தைப் பார்த்தான். எவ்வளவு சொல்லியும் எழும்பவில்லை.

"இழுத்தால் ஏச்சு விழும் என்று பழகியிருக்கிறான், அதுதான் குழம்புகிறான்," என்றாள் ஹெலி.

"இழுக்கக்கூடாத இடமெல்லாம் இழுப்பான். காசு குடுத்து இழு எண்டா, துரை குந்தியிருக்கிறார்," என்றார் அப்பா.

எனக்கு அழுகை வந்தது. இதுவும் சரிவராவிட்டால் அவனை வைத்திருக்க என்னிடம் வேறு வழி இல்லை.

"இவனுக்குப் பிடித்த ஆள் யாராவது முன்னால் போய் நின்றால் ஓடுவான்," என்றாள் ஹெலி. அது நான்தான், நானோ பின்னால் கட்டப்பட்டு நிற்கிறேன். ஹெலி அப்பாவைக் கைகாட்டினாள்.

"நானோ? என்னட்ட அவன் வரமாட்டான்," என்று சொல்லிக்கொண்டே அப்பா நடந்தார்.

ஐம்பது மீட்டர் போய்த் திரும்பி நின்றார். கூப்பிடக்கூட இல்லை. ஜிம்மி எழும்பினான். கயிறு விறைத்தது. அடுத்த கணம் நான் போய்க்கொண்டிருந்தேன்! தள்ளவில்லை, நடக்கவில்லை, முழங்காலை மடித்து நின்றேன், பாதை தானாக வந்தது. இப்படி ஒரு சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

"டேய்! நில்லடா!" என்று அப்பா கோட் பொக்கற்றைப் பொத்திக்கொண்டு ஓடினார். பாதையோரம் உட்காரப் போட்டிருந்த ஒரு வாங்கடியில் ஜிம்மி அவரைப் பிடித்தான். நான் புல்லில் விழுந்தேன். எழும்பிப் பார்த்தால் அவன் மூக்கு அந்தப் பொக்கற்றுக்குள். உள்ளே ரிஷ்யூப் பேப்பரில் சுற்றிய பாதி மட்டன் ரோல்.

"என்னப்பா இது?"

"காலமை கடை திறக்கப் போகேக்க ஒரு துண்டு குடுக்கிறனான். எல்லா நாளும் இல்லை."

அதற்குப் பிறகு ஹெலி அப்பாவை ஓடவிட்டபடியே இருந்தாள். திரும்பும் ரயிலில் ஜிம்மி அப்பாவின் கால் சப்பாத்தில் தலைவைத்துப் படுத்தான்.

"அப்ப இவனைக் குடுக்கிறேல்லையோ?" என்று கேட்டேன்.

"மெல்லக் கதை. நித்திரை கொள்ளுறான்," என்றார் அப்பா.

போக நினைப்பவர்களுக்கு: முழங்கால் கிழிந்தாலும் பரவாயில்லாத பழைய களிசான் போடுங்கள், கையுறை கட்டாயம். மழை பெய்த மறுநாள் வேண்டாம், பாதை சேறு. ரோலில் வெங்காயம் இருக்கும், அது நாய்க்குக் கூடாது. ஹெலி அப்பாவுக்கு நல்ல ஏச்சுக் கொடுத்தாள். அவித்த கோழி கொண்டுபோங்கள். முன்னால் ஓட ஒருவரையும் கூட்டிப்போங்கள். அது யார் என்பதை நாயிடம் விட்டுவிடுங்கள்.