அறுத்தெடுத்த முகம்

டாக்கிப் படத்தில் நடிக்க நான் பட்டணம் போய்விட்டேன் என்று தெரிந்ததும், திண்டிவனத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் பெரிய டீச்சர், முதல் வேலையாகச் சுவரில் இருந்த அஞ்சாம் வகுப்புப் போட்டோவை இறக்கி, என் முகத்தை மட்டும் பிளேடால் அறுத்தெடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் காதும் அதோடு போயிற்று.

மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கும் கூலி வேலை செய்த என் அம்மா, கிளியனூரிலிருந்து நடந்தே போய், அந்தத் துண்டையாவது கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அடுப்பில் போட்டாயிற்று என்று வாசலிலேயே விரட்டிவிட்டார்கள்.

பத்து வருஷம் கழித்து அதே பள்ளிக்கூடம் ஆண்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டது. அதே டீச்சர் எனக்கு மாலை போட்டாள். அறைக்குள் அழைத்துப்போய், ஓட்டை விழுந்த அந்தப் போட்டோவைக் காட்டினாள்.

"நீங்க இங்க படிச்சது நாலு பேருக்குத் தெரியணும்ங்க. அந்த வயசுல எடுத்த போட்டோ ஒண்ணு குடுத்தீங்கன்னா ஒட்டி மாட்டிடுவோம்" என்றாள், கொஞ்சமும் கூசாமல்.

அப்போது விழுப்புரம் ஜங்ஷன் சுவர் முழுக்க என் முகம்தான். ஆனால் சின்ன வயதில் என்னைப் போட்டோ எடுத்தது அந்த ஒரு தடவைதான். அம்மா சாகிறவரை அந்தத் துண்டையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

"உங்க அடுப்புல தேடிப் பாருங்க" என்றேன்.