காடு என்று எழுதப்பட்ட செங்கல் சூளை

வன்னியில் தர்மபுரத்துக்குத் தெற்கே உள்ள மேட்டை, ஆள் வாழாத காடு என்று அரசாங்கப் பதிவில் எழுதியவர்கள் பொய் எழுதியிருக்கிறார்கள். அங்கே செங்கல் சூளை இருந்தது. பழைய நில அளவை வரைபடம் ஒன்றில் அதைக் கண்டதால்தான் 1980 மாசியில் புறப்பட்டேன்.

பரந்தன் சந்தியில் காலை 7.10க்கு முல்லைத்தீவு பஸ். ஏறக்குறைய எட்டு மைல், டிக்கெட் இரண்டு ரூபா. தர்மபுரம் தேநீர்க் கடைக்காரரிடம் சைக்கிள் இரவல் கேட்டேன்.

"சூளையோ? உந்தப் பத்தைக்காட்டுக்குள்ள பாம்புதான் இருக்கு. சைக்கிளை முழுசாக் கொண்டு வாங்கோ" என்றார்.

ஒன்றரை மைல் மணல் வழி. பாதித் தூரம் சைக்கிளை நான்தான் சுமந்தேன். வரைபடத்தில் சூளை ஒரு வட்டம். பக்கத்தில் வரிசையாக எட்டுக் கறுப்புப் பெட்டிகள். கல் காயவைக்கும் கொட்டில்கள் என்று நினைத்திருந்தேன்.

மேட்டில் மாரியாயி நிலக்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார். எழுபத்தேழு கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு, மூன்று பிள்ளைகளோடு வந்து குடிசை போட்டவர். இது காடு, இரண்டு கிழமைக்குள் வெளியேறு என்ற காணி அலுவலகக் கடிதம் முதல்நாள்தான் வந்திருந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் என் வரைபடத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"கொட்டிலா? இது லயம் தம்பி, கூலியாளுக வரிசையாக் குடியிருக்கிற வீடு. எட்டுக் காம்பரா, எட்டுக் குடும்பம். நான் பொறந்ததே இப்படி ஒண்ணுலதான். லயத்துக்குப் பின்னால தண்ணி இருக்கணும், வாங்க."

காம்பராவுக்குப் பத்தடி என்று எண்ணிக்கொண்டே நடந்தார். பின்பக்கம் திரும்பி மண்வெட்டியைப் போட்டார். நான்கு இடத்தில் மண். ஐந்தாவதில் செங்கல் கட்டிய கிணற்று விளிம்பு. பெயர்ந்து கிடந்த ஒரு கல்லில், அறுத்தவரின் விரல்கள் பதிந்திருந்தன. மாரியாயி தன் விரல்களை அதில் வைத்துப் பார்த்தார்.

"நம்ம ஆளுகதான்" என்றார்.

போகிறவர்கள் கத்தியும் தண்ணீரும் கொண்டுபோங்கள். திரும்பும் பஸ் பிற்பகல் 3.40. வரைபடத்தைத் தனியே வாசிக்காதீர்கள். அந்தப் பெட்டிக்குள் பிறந்தவரிடம் காட்டுங்கள். மாரியாயி அவித்துத் தந்த கடலைக்காகவே நான் இன்னொரு முறை போவேன், அவரை அங்கே விட்டுவைத்தால்.

மறுநாள் இருவரும் காணிக் கந்தோருக்குப் போனோம். வரைபடத்தை மேசையில் விரித்து, விரல் பதிந்த அந்தச் செங்கல்லை அதன்மேல் வைத்தோம்.

"ஆக்கள் இருந்த இடம் ஐயா. காடு எண்டதை வெட்டி எழுதுங்கோ" என்றேன்.

அலுவலர் செங்கல்லை எடுத்து, காற்றில் பறந்த தன் கடதாசிகளுக்குப் பாரமாக வைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.