ஒன்பது பத்துக்குப் பூட்டிய கேட்

எங்கள் கல்லூரியின் பத்தாண்டு மலரை எழுதியவள் நான்தான். தமிழ்த்துறையில் இருப்பதால் ஆண்டறிக்கை, அழைப்பிதழ், வரவேற்புரை என்று எழுத்து வேலை எல்லாம் என் தலையில்தான் விழும். எந்த வருஷம் எந்தக் கட்டடம் எழும்பியது என்று அந்த மலரில் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றின் ஆழம்கூட இருக்கிறது, அறுநூற்று இருபது அடி. கிரேஸ் என்ற பெயர் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. நான் எழுதியிருந்தேன். அச்சுக்குப் போகுமுன் யாரோ அடித்துவிட்டார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

2012-இல் வாலாஜாபாத் போகும் சாலையில், பட்டுக்கடை முதலாளி வீரபத்திரன் தன் அம்மா பெயரில் இந்தப் பெண்கள் கல்லூரியைத் தொடங்கினார். நல்ல காரியம்தான், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் ஜூன் மாதம் முடியும்போது சேர்ந்திருந்தவர்கள் ஒன்பது பேர். டவுன் பிள்ளைகள் எல்லாம் பழைய கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட இரண்டு அறைகளை நம்பி யார் வருவார்கள்?

முதல் முதல்வர் ஏலவார்குழலி அம்மா, அரசுக் கல்லூரியில் கணக்குப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது அறைக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்த இடத்தில், கலவை சட்டியோடு நின்ற ஒரு சித்தாளிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தார். அவர்தான் கிரேஸ் அக்கா. வயது முப்பத்து நாலு, எட்டாவது வரை படித்தவர். அவர் கணவர் ஜெபகுமார் அங்கே கொத்தனார்.

"உங்க பக்கம் பன்னெண்டாவது முடிச்ச பொண்ணுங்க இருக்காங்களாம்மா?"

"இருக்குதுங்கம்மா. எங்கம்மா ஊரு தாமல்ல மட்டும் ஆறேழு பொண்ணுங்க இருக்குது. எல்லாம் செருப்பு கம்பெனிக்குப் போய்க்கினு இருக்குதுங்க."

"என்னைக் கூட்டிக்கிட்டுப் போறியா?"

மறுநாளிலிருந்து ஒரு வாரம் முதல்வர் அம்மா, கிரேஸ் அக்கா, நான் மூன்று பேரும் அலைந்தோம். நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்த எனக்கு, தாமல் ஏரிக்கரைக் காலனிகளுக்குள் அதுவே முதல் தடவை. எந்த அப்பாவும் என்ன படிப்பு, என்ன வேலை கிடைக்கும் என்று கேட்கவில்லை. இரண்டு பஸ் மாறிப் போகிற பெண்ணை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் கேட்டார்கள். முதல்வர் அம்மா ஏதேதோ விளக்கினார். கிரேஸ் அக்கா குறுக்கே புகுந்தார்.

"நான் கேட்டுல நிக்கறேன்பா. உம்பொண்ணு பஸ்ஸ விட்டு எறங்கறதிலேர்ந்து திரும்ப ஏர்ற வரைக்கும் என் பொறுப்பு. எதுனா ஆச்சுன்னா என் வூட்டுக்கு வந்து கேளு."

அவர்கள் கல்லூரியை நம்பவில்லை, அந்தப் பேச்சை நம்பினார்கள். முதல் வருஷம் முப்பத்தெட்டு பேர் சேர்ந்தார்கள். அதில் பதினான்கு பேர் கிரேஸ் அக்கா சொல்லி வந்தவர்கள். ஏலவார்குழலி அம்மா அவரையே வாயில் காவலுக்கு வைத்தார். அப்போது கேட் என்று ஒன்று கிடையாது. குறுக்கே ஒரு சவுக்குக் கம்பு, அவ்வளவுதான்.

காவல் என்று பெயரே தவிர அவர் பார்த்த வேலை வேறு. எந்தப் பெண் சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தே சொல்வார். மாதவிலக்கு நாளில் தவிக்கிறவளுக்குத் தன் கூடையிலிருந்து எடுத்துக் கொடுப்பார். எதிரே பைக்கை நிறுத்திக்கொண்டு நின்றவனிடம் போய் அவன் அப்பன் பேரையும் தெருவையும் சொல்லி விசாரித்தார். அவன் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. பஸ் லேட்டாகி ஓடி வருகிற பெண்ணை, "போம்மா, தண்ணி குடிச்சிட்டு கிளாசுக்குப் போ" என்று அனுப்புவார். முதல் செட்டில் முப்பத்தொரு பேர் பட்டம் வாங்கினார்கள். அந்தப் பதினான்கு பேரில் ஒருத்திகூட நடுவில் நிற்கவில்லை.

அதற்கப்புறம் கல்லூரி வளர்ந்தது. 2014-இல் சுற்றுச்சுவர், இரும்பு கேட். அடுத்த வருஷம் மாடிக் கட்டடம். 2017-இல் கணினி அறிவியல் வந்தது. அந்த வருஷமே ஏலவார்குழலி அம்மா உடம்பு முடியாமல் விலகி, அடுத்த தை மாதம் இறந்தும் போனார். பிறகு கல்லூரிக்கென்று சொந்த பஸ்கள் வந்தன, அவை கட்டணம் கட்டக்கூடியவர்கள் இருக்கிற திசையில் ஓடின. தாமல் பக்கம் ஒன்றும் போகவில்லை. எண்ணூறு மாணவிகள் என்று நான் ஆண்டறிக்கையில் பெருமையாக எழுதினேன். ஒவ்வொரு வருஷமும் "மேலும் ஒரு மைல்கல்" என்று எழுதினேன்.

கொரோனா முடிந்து 2022-இல் தரச்சான்றுக்கு விண்ணப்பிக்க முடிவு செய்தார்கள். அதற்கு வழிகாட்ட வந்த ஒருவர் நாலு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒழுங்கு தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். உடனே ஓர் உத்தரவு வந்தது: ஒன்பது பத்துக்கு கேட் பூட்டப்படும். அதற்குப் பிறகு வருகிறவர்களின் பெயரையும் வந்த நேரத்தையும் வாயில் காவலர் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும், உள்ளே விடக்கூடாது.

தாமலிலிருந்து வருகிற பஸ் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எட்டு ஐம்பதுக்கு வரும். அங்கிருந்து மாறி ஏறினால் கல்லூரி நிறுத்தத்தில் ஒன்பது பதினான்கு, சில நாள் ஒன்பது பதினாறு. அதற்கு முந்தைய பஸ் விடிகாலை ஐந்தரைக்கு. இதைக் கிரேஸ் அக்கா புதிய முதல்வரிடம் இரண்டு தடவை சொன்னார். தாளாளர் வீரபத்திரனின் கார் கேட்டில் நின்றபோது அவரிடமும் சொன்னார். "ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க" என்று பதில் வந்தது.

கிரேஸ் அக்கா பூட்டினார். பூட்டாவிட்டால் வேலை போகும். ஜெபகுமார் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து வீட்டில் கிடந்த சமயம் அது.

பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வீட்டுக்குப் போனால், "சரி, நாளையிலேர்ந்து போக வேணாம்" என்பார்கள். அதனால் அந்தப் பெண்கள் வீட்டில் சொல்லவே இல்லை. கேட்டுக்கு எதிரே இருக்கும் நிழற்குடையில் மாலை மூன்றரை வரை உட்கார்ந்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஒன்பது பத்துக்குள் வந்து சேர்ந்துவிடுகிற நாட்களில் பாடம் கேட்டார்கள். மற்ற நாட்களில் அங்கேயே உட்கார்ந்து அடுத்தவர் நோட்டைப் பார்த்து எழுதினார்கள். நான் வகுப்பு எடுத்த மாடி ஜன்னலிலிருந்து அந்த நிழற்குடை தெரியும். ஜன்னல் பக்கம் நிற்காமல் பாடம் நடத்தக் கற்றுக்கொண்டேன்.

அந்த ஆண்டு அறிக்கையில், "தாமதமாக வருவோர் எண்ணிக்கை முற்றிலும் குறைக்கப்பட்டது" என்று ஒரு வரி உண்டு. அதுவும் என் வரிதான். மேடையில் படித்தபோது கைதட்டினார்கள்.

2023 நவம்பரில் தேர்வு எழுதத் தகுதியில்லாதவர்களின் பட்டியல் ஒட்டினார்கள். வருகைப் பதிவு குறைவு, பதினேழு பேர். பதினேழு பேரும் அந்த பஸ்ஸில் வருகிறவர்கள். வீடுகளுக்குக் கடிதமும் போயிற்று. "தங்கள் மகள் கல்லூரிக்கு ஒழுங்காக வருவதில்லை" என்று தொடங்கும் கடிதம். வழக்கமான கடிதம் என்று முதல்வர் சொன்னார், நான் எழுதிக் கொடுத்தேன். தினமும் வந்து நிழற்குடையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் வீட்டில் அந்தக் கடிதத்தை எப்படிப் படிப்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் ராமராஜன் வந்தார். தாமலில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் மகள் திரிஷா இரண்டாம் ஆண்டு கணிதம் படித்தாள். அவளைச் சேர்த்தபோது கிரேஸ் அக்கா அவருக்கும் அதே வாக்கைக் கொடுத்திருந்தார். கடிதம் கையில் கசங்கியிருந்தது. பின்னால் திரிஷா, ஒரு கன்னம் வீங்கி, துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு. நான் ஏதோ வேலையாக கேட்டருகே நின்றிருந்தேன்.

"காலேஜ்னு சொல்லிட்டு எங்க போய்க்கினு இருந்தா, எவங்கூட சுத்திக்கினு இருந்தா? வாயத் தொறக்க மாட்டேங்கறா. நீதானம்மா பாத்துக்கறேன்னு சொன்ன? இன்னா பாத்த?"

கிரேஸ் அக்கா தன் அறையிலிருந்து மூன்று நோட்டுகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் பிரித்தார். விரலை வைத்துப் படித்தார். "ஜூலை பத்து. ஒன்பது பதினாலு. திரிஷா. பதினொண்ணு, ஒன்பது பதினாறு. திரிஷா. பதிமூணு, திரிஷா. நீயே பாருப்பா. எல்லாம் என் எழுத்து. அவ எங்கயும் போவல. தோ, அங்கதான் உக்காந்துக்கினு இருந்தா. பூட்டினவ நானு. அடிக்கணும்னா என்ன அடி."

ராமராஜன் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு நிழற்குடையைப் பார்த்தார். மகள் பக்கம் திரும்பவே அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

அவர்கள் போனதும் கிரேஸ் அக்கா நோட்டோடு என்னிடம் வந்தார். "டீச்சர், இதுல இருக்குற பொண்ணுங்க எல்லாம் தினமும் வந்துதுங்க. நான் கண்ணால பாத்தேன். வரலன்னு எப்டி எழுதுனீங்க?"

 

மறுநாள் ஒன்பது பத்துக்கு அவர் கேட்டைப் பூட்டவில்லை. இரண்டு கதவையும் அகலத் திறந்து கல் முட்டுக் கொடுத்தார். ஒன்பது பதினைந்துக்கு பஸ் வந்தது. இறங்கிய பெண்கள் தயங்கினார்கள். "போங்க, கிளாசுக்குப் போங்க" என்றார். உள்ளே வந்தார்கள். பத்து மணிக்குள் தாளாளர் வந்துவிட்டார்.

"உன்னை இங்க எதுக்கு வச்சிருக்குது?" என்று கேட்டார்.

"பொண்ணுங்க உள்ள வரத்துக்குங்க சார். மொத நாள்ல ஏலவார்குழலியம்மா அப்டிதான் சொல்லி வச்சாங்க."

"சட்டம்னு ஒண்ணு இருக்குதுல்ல?"

"உங்க கார் பத்தரைக்கு வருது, பதினொண்ணுக்கு வருது. நான் எழுந்து தொறக்கறேன். அதுக்கு நோட்டு இல்லீங்களே சார்."

அவர் முகம் சிவந்தது. இனி வரவேண்டாம் என்றார். கிரேஸ் அக்கா தன் கூடையை எடுத்தார், மூன்று நோட்டுகளையும் அதில் வைத்தார். அலுவலகத்திலிருந்து ஒருவர் ஓடிவந்து நோட்டு கல்லூரிச் சொத்து என்றார். "கடைல நான் வாங்கினது" என்று சொல்லிவிட்டு நடந்தார். பதினோரு வருஷம் வேலை பார்த்தவருக்கு அன்று வழியனுப்ப யாரும் எழுந்து வரவில்லை. நானும்தான்.

ஆனால் அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். சங்கடமாகத்தான் இருந்தது. ராமராஜனும் இன்னும் நாலைந்து அப்பா அம்மாக்களும் அங்கே இருந்தார்கள். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுக்க வேண்டும், எழுதத் தெரியவில்லை என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். என் வேலைக்கு ஆபத்து வரும் என்று ராமராஜனே எச்சரித்தார். கீழே என் பெயரையும் பதவியையும் போட்டுக் கையெழுத்திட்டேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே உண்மையான அறிக்கை அதுதான் என்று தோன்றியது.

விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். வருகைப் பதிவேட்டையும் கிரேஸ் அக்காவின் நோட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். உள்ளே வரவில்லை என்று எழுதிய ஒவ்வொரு நாளும், கேட்டில் நின்றதாக நோட்டில் இருந்தது. தரச்சான்று வாங்கப் போகிற நேரத்தில் இது பத்திரிகைக்குப் போய்விடுமோ என்று நிர்வாகம் பயந்தது. இரண்டே நாளில் பதினேழு பேருக்கும் "மன்னிப்பு" வழங்கப்பட்டது. யார் யாரை மன்னிப்பது என்று கேட்க ஆளில்லை. பதினாறு பேர் தேர்வு எழுதினார்கள். அந்த மனுவின் பேரில் ஜனவரியிலிருந்து தாமல் பஸ் அரைமணி நேரம் முன்னதாகப் புறப்படுகிறது.

பதினேழாவது பெண் சிம்ரன். கடிதம் போன வாரமே அவள் வீட்டில் மாப்பிள்ளை பேசி முடித்துவிட்டார்கள். ஊரில் பேச்சு வருவதற்குள் முடித்துவிட வேண்டுமாம். மன்னிப்புக் கடிதம் போய்ச் சேர்ந்தபோது அவள் மாமியார் வீட்டில் இருந்தாள். வயது பத்தொன்பது.

அந்த மார்ச்சில் ஆண்டறிக்கை எழுதச் சொன்னார்கள். நடந்ததை நடந்தபடி அரைப்பக்கம் எழுதினேன். கல்லூரி நாளன்று மேடையில் முதல்வர் படித்தது வேறு: "மாணவியரின் நலன் கருதி, நிர்வாகத்தின் பெருமுயற்சியால் பேருந்து நேரம் மாற்றியமைக்கப்பட்டது." மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த திரிஷா எழுந்து வெளியே போனாள். அவள் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பேர் போனார்கள். நானும் எழுந்துவிட்டேன். என்னை இன்னும் வேலையிலிருந்து எடுக்கவில்லை. அறிக்கை எழுதும் வேலையிலிருந்து மட்டும் எடுத்துவிட்டார்கள்.

கேட்டில் இப்போது ஏதோ கம்பெனியின் நீலச்சட்டை ஆள் நிற்கிறார். மாதம் ஒருவர் மாறுகிறார். கிரேஸ் அக்கா வாலாஜாபாத்தில் ஓர் அரிசி மில்லில் மூட்டை தைக்கிறார். போன வருஷக் கடைசியில் முதல் செட் பெண்களும் நானும் கூடி அவருக்குப் பொன்னாடை போர்த்தப் போனோம். அதில் ஒருத்தி இன்று அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. கிரேஸ் அக்கா சால்வையை வாங்கவில்லை.

"இது எனக்கு எதுக்கும்மா? அந்த சிம்ரன் பொண்ண யாருனா போய்ப் பாத்தீங்களா?"

யாரும் போயிருக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் போனோம். சிம்ரன் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். மாமியார் பக்கத்திலேயே இருந்தார். டீ கொடுத்தாள், கல்லூரி பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கிளம்பும்போது வாசலில் மெதுவாகக் கேட்டாள்: "என் டிசி இன்னும் அங்கதான் மிஸ் இருக்குது. வாங்கிடணுமா, இல்ல அப்டியே இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்" என்று கிரேஸ் அக்கா சொன்னார். மாமியாரிடம் திரும்பி, குழந்தையைப் பகலில் யார் பார்த்துக்கொள்வது, எந்த பஸ், எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள் என்று அரைமணி நேரம் பேசினார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் தாமலில் பேசிய அதே நிதானம். மாமியார் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வைகாசியில் சொல்லி அனுப்பினார்: படிக்கட்டும்.

மறுசேர்க்கை விண்ணப்பத்தை ஜூன் இரண்டாம் தேதி நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று தடவை கேட்டுவிட்டேன். தாளாளர் மேஜையில் இருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறார் என்கிறார்கள். இன்று ஆகஸ்ட் பத்தொன்பது. நாளைக்கு நான் தனியாகக் கேட்கப் போவதில்லை. கிரேஸ் அக்கா மில்லுக்கு லீவு சொல்லிவிட்டார்.